நோய் தீர்ந்தது, கடன் தீரவில்லை



பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண் ஒருத்தியை மாற்கு நற்செய்தியாளர் நமக்குக் காட்டுகிறார். கூட்டத்தின் நெருக்கத்தினூடே வந்து, ஆண்டவருடைய ஆடையைத் தொட்டுக் குணமடைந்தவள் என்றே அவளை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் நற்செய்தியாளர் வேறொரு செய்தியையும் விடாது எழுதி வைத்துள்ளார். மருத்துவர் பலரிடம் சென்று, தன் கைப்பொருள் முழுவதையும் செலவிட்டு, பயன் ஏதும் காணாமல், முன்னிலும் கேடுற்ற நிலையிலேயே அவள் ஆண்டவரிடம் வந்தாள் என்பதே அது. இப்பகுதியை வைத்து எத்தனையோ முறை நாம் மறையுரை ஆற்றியிருக்கிறோம். அவளுடைய நோயைப் பற்றிப் பேசினோம். விசுவாசத்தைப் பற்றிப் பேசினோம். அவள் இழந்த பொருளைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. சென்ற ஆண்டு நம் பங்கில் நிகழ்ந்த ஒன்று அதைப் பற்றிப் பேச வைத்தது. சம்பந்தப்பட்டோர் இன்னார் என்று தெரியாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறோம்.

செஞ்சிப் பகுதியில் மல்லாட்டைக் கொல்லை வேலைக்கும், கட்டட வேலைக்கும் போய்ப் பிழைக்கும் குடும்பம் அது. கணவர், மனைவி, பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்றுச் செவிலியர் படிப்புக்குக் காத்திருந்த ஒரு மகள், பள்ளியில் படிக்கும் ஒரு மகன். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வருவார்கள். ஒருநாள் அந்த மகள் தாயுடன் பங்கு இல்லத்திற்கு வந்து, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குச் செல்ல நன்னடத்தைக் கடிதம் ஒன்று கேட்டாள். “படிப்பு என்னவாயிற்று?” என்று கேட்டோம். மகள் தலை குனிந்தாள். தாய்தான் மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

ஐந்து மாதங்களுக்கு முன் நள்ளிரவில் கணவருக்குப் பொறுக்க முடியாத வயிற்று வலி. ஆட்டோக்காரர் தமக்குத் தெரிந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். குடல் வெடித்துவிட்டது, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். உயிர் பிழைத்தது, அதற்காக ஆண்டவருக்கும் மருத்துவருக்கும் நன்றி. ஆனால் வீட்டுக்குத் திரும்பியபோது ஆன செலவு 1,80,000 ரூபாய். தாலிக்குண்டும் தோடும் அடகுக் கடையில் 40,000. கறவை மாட்டை விற்றதில் 30,000. மகளிர் குழுவில் வாங்கியது 50,000. எஞ்சிய 60,000 ரூபாய் புரோநோட்டில் கையெழுத்திட்டு, ஐந்து வட்டிக்கு.

ஐந்து வட்டி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய், ஆண்டுக்கு அறுபது. அந்தக் குடும்பம் மாதந்தோறும் வட்டியாக மட்டும் 3,000 ரூபாய் கொடுத்து வந்தது. இருபது மாதம் கட்டினால் வாங்கிய தொகை முழுவதும் வட்டியாகவே போய்விடும். முதல் அப்படியே நிற்கும். கணவரோ இன்னும் சிமெண்டுச் சட்டி தூக்கும் நிலையில் இல்லை. ஆகவேதான் மகள் திருப்பூருக்குப் புறப்பட்டாள்.

இதைக் கேட்டு நாம் வருந்தினோம். ஆனால் அடுத்து அந்தத் தாய் சொன்னதுதான் நம்மை உறங்கவிடாமல் செய்தது. நம் மாதா திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு 1,500 ரூபாய் வரி விதித்திருந்தோம். அந்த வீட்டிலும் பங்குப் பேரவையினர் இருமுறை சென்று நினைவூட்டி வாங்கி வந்திருந்தார்கள். அந்தப் பணத்தைத் தண்டலில் எடுத்துக் கொடுத்ததாக அவர் கூறினார். “ஏனம்மா, நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றோம். “மாதா வரியை எப்படிங்க சாமி பாக்கி வைக்கிறது?” என்றார்.

தண்டல் என்பதன் கணக்கை அறியாதவர்களுக்காகச் சொல்கிறோம். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். முதலும் நாள்தோறும் திரும்பிக்கொண்டே இருப்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால், வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு நூறையும் தாண்டும். அப்படிப்பட்ட பணத்தில் நம் ஊரில் வாணவேடிக்கை வெடித்தது. கடன்காரர்கள் வரிசையாக வந்து நின்ற அந்த வாசலில், திருச்சபையும் ஒரு கடன்காரனாய் நின்றிருக்கிறது. பங்குத்தந்தை என்ற முறையில் அந்தப் பொறுப்பு நம்முடையதே.

அன்பர்களே, இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. உலக நலவாழ்வு நிறுவனமும் உலக வங்கியும் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2019-இல் உலகில் ஏறத்தாழ 200 கோடி மக்கள் மருத்துவச் செலவினால் பொருளாதாரத் துன்பத்திற்கு ஆளாயினர். நம் நாட்டில் 2014-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், கிராமப்புறத்தில் மருத்துவமனையில் சேர்ந்து பெற்ற சிகிச்சைகளில் நூற்றுக்கு 25-க்குக் கடனே முதன்மையான பணவழியாய் இருந்தது தெரியவந்தது. 2017-18 கணக்கெடுப்பில் இது 13 ஆகக் குறைந்தது. அவ்வாறே நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரே கொடுத்த பங்கு 2013-14-இல் நூற்றுக்கு 64 ஆக இருந்து, 2021-22-இல் 39 ஆயிற்று. இது நல்ல செய்தியே. எனினும் நூறு ரூபாயில் 39 ரூபாயை நோயாளியின் வீடே கொடுக்கும் நாட்டில், ஏழையின் வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தாலும் உலை கொதிப்பது நின்றுவிடும்.

அதே 2017-18 கணக்கெடுப்பு வேறொன்றையும் காட்டுகிறது. மகப்பேறு நீங்கலாக, அரசு மருத்துவமனையில் ஒருமுறை சேர்ந்து சிகிச்சை பெற ஆன சராசரிச் செலவு 4,452 ரூபாய். தனியார் மருத்துவமனையில் 31,845 ரூபாய். ஏழு மடங்கு! தனியார் மருத்துவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. மருத்துவரை அவர் தேவைக்கேற்ப மதிக்க வேண்டும் என்று சீராக்கின் ஞானநூல் கற்பிக்கிறது. ஆனால் எந்த வாசலுக்குப் போவது என்பதை நள்ளிரவில், அழுகைக்கு நடுவே முடிவு செய்தல் ஆகாது. அதை நலமாயிருக்கும் நாளிலேயே குடும்பமாக அமர்ந்து பேசி வைத்திருக்க வேண்டும். செஞ்சியில் அரசு மருத்துவமனை உண்டு. முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. புதுவையில் ஜிப்மர் உண்டு. அவசரத்திற்கு 108 ஊர்தி உண்டு. இவை யாவும் நமக்குத் தெரிந்தவையே. ஆனாலும் “பெரிய ஆஸ்பத்திரியில் யார் கவனிப்பார்கள்?” என்னும் ஒரு சொல் நம் மக்களைக் கடனுக்குள் தள்ளிவிடுகிறது.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழகத்தில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012 ஜனவரி முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2018-இல் மைய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்ட பின், ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்போர் இதில் சேரலாம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். நாம் சொன்ன குடும்பம் இதற்கு முற்றிலும் தகுதியுடையது. ஆனால் அட்டை எடுக்கவில்லை. வருமானச் சான்று வாங்க இருநாள் கூலி போகுமே என்று தள்ளிப்போட்டார்கள். இருநாள் கூலியை மிச்சம் பிடித்ததன் விலை 1,80,000 ரூபாய்!

அட்டை இருந்தால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். வெளியில் வாங்கும் மாத்திரை, பேருந்துக் கட்டணம், துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாகப் படுக்கையில் கிடந்த நாட்களின் கூலி ஆகியவற்றை எந்த அட்டையும் தருவதில்லை. ஏழையின் கடன் இந்தச் சில்லறைச் செலவுகளாலும் சேர்வதே. அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டு வந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் நடைபெறுகிறது. இவற்றைக் கூச்சமின்றிப் பயன்படுத்துங்கள். சர்க்கரைக்கு இன்று மாத்திரை உண்ணாதவர், நாளை சிறுநீரகத்திற்காக நிலத்தை விற்க நேரிடும்.

ஏற்கெனவே கடனில் இருப்போருக்கும் சில சொல்வோம். முதலாவதாக, எந்தக் கடனுக்கு வட்டி மிகுதியோ அதையே முதலில் அடையுங்கள்; உறவினரின் கைமாற்று சற்றுப் பொறுக்கும். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகைக்கடன் பெற்று, ஐந்து வட்டிக் கடனை அடைத்துவிடுவது பெரும்பாலும் ஆதாயமே. இரண்டாவதாக, கொடுத்த பணத்திற்கெல்லாம் ரசீது வாங்குங்கள். கடன் தீர்ந்த அன்றே புரோநோட்டைத் திரும்பப் பெறுங்கள். மூன்றாவதாக, சட்டத்தை அறிந்திருங்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. மீறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நுண்கடன் நிறுவனத்தார் காலை ஒன்பது மணிக்கு முன்போ, மாலை ஆறு மணிக்குப் பின்போ தொலைபேசியில் அழைத்துத் தொல்லை தரலாகாது என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி.

இனி, திருச்சபையின் கடமை. பிறனுக்கு அவன் தேவை வேளையில் கடன் கொடு என்றும், வாங்கியவன் குறித்த காலத்தில் திருப்பிக் கொடுக்கட்டும் என்றும் சீராக் நூல் இருபுறத்தாருக்கும் அறிவுரை கூறுகிறது. ஏழையின் போர்வையை அடகாகப் பெற்றால் பொழுது சாயுமுன் திருப்பித் தர வேண்டும் என்பது மோசேயின் சட்டம். இவை ஏட்டோடு நின்றுவிடவில்லை. இத்தாலி நாட்டில் கொடுவட்டியால் ஏழைகள் நசுங்குவதைக் கண்ட பிரான்சிஸ்கன் துறவியர், 1462-இல் பெரூஜியா நகரில் ‘இரக்கத்தின் நிதி’ எனப்படும் அடகு நிலையத்தை நிறுவினார்கள். பொருளை ஈடாக வைத்து, மிகக் குறைந்த கட்டணத்தில் ஏழைகள் அங்கே பணம் பெற்றார்கள். நிலையத்தை நடத்தும் செலவுக்கு மட்டும் சிறு தொகை வாங்குவது பாவமாகாது என்று 1515-இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கம் தீர்ப்பளித்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் துறவியர் செய்ததை இருபத்தோராம் நூற்றாண்டில் நம் பங்குகள் செய்ய இயலாதா?

நாம் செய்ததையும் சொல்லிவிடுகிறோம்; பெருமைக்காக அன்று. பங்குப் பேரவையைக் கூட்டி, முதலில் நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். வாணவேடிக்கைக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் ஒதுக்கும் தொகையைப் பாதியாகக் குறைப்பது என முடிவாயிற்று. திருவிழா வரி இனி வரியன்று, காணிக்கை. இயன்றோர் இயன்றதைத் தரலாம். எவர் வீட்டுக்கும் இரண்டாம் முறை செல்வதில்லை. மாதம் குடும்பத்துக்கு இருபது ரூபாய் வீதம் சேர்த்து ஒரு நோய்க்கால நிதி தொடங்கினோம். பத்தாயிரம் ரூபாய் வரை வட்டியின்றிக் கொடுத்து, பத்து மாதத்தில் திரும்பப் பெறுகிறோம். கணக்கை இரு பெண்மணிகளும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் பார்க்கிறார்கள். பணப்பெட்டியின் சாவி நம்மிடம் இல்லை. வாங்கியவர் பெயர் பலிபீடத்திலிருந்து வாசிக்கப்படுவதில்லை.

அந்தக் குடும்பத்தின் 60,000 ரூபாயை அன்பியத்தைச் சேர்ந்த சில வீடுகள் தமக்குள் திரட்டி அடைத்தன. வட்டிக்குக் கொடுத்தவர் அயலாரல்லர்; நம் ஆலயத்தில் முன்வரிசையில் அமர்ந்து செபிப்பவர். நாமே அவரிடம் சென்று பேசினோம். முதலைப் பெற்றுக்கொண்டு புரோநோட்டைத் தந்தார். ஆனால் அன்று முதல் அவர் நம் ஆலயத்திற்கு வருவதில்லை. வேறு ஊருக்குச் சென்று திருப்பலி காண்கிறார். அதுவும் நமக்கு ஒரு சுமையே. ஆயனுக்கு இரு ஆடுகளும் தேவை. அவருக்காகவும் செபிக்கிறோம், ஒருநாள் அவர் வீட்டுக் கதவை மீண்டும் தட்டுவோம். மகளோ இவ்வாண்டு கல்லூரியில் சேரும் நாள் கடந்துவிட்டதால் திருப்பூருக்குச் சென்றுவிட்டாள். அடுத்த ஆண்டு திரும்பி வந்து சேருவதாகச் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்தால்தான் நாம் செய்தது முழுமை பெறும்.

நம் செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம் பெற்றது. வருவோர் எல்லாரும் மலையையும் மதிலையும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அங்கே உள்ள நெற்களஞ்சியங்களை நின்று பார்ப்போர் குறைவு. 1690 முதல் 1698 வரை மொகலாயர் படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. மதில் பகைவனைத் தடுக்கும். உள்ளே இருப்போரை உயிரோடு காப்பது களஞ்சியமும் சுனையுமே. நோயும் ஒரு முற்றுகைதான். அது எந்த வீட்டுக்கு எப்போது வரும் என்பதை நாம் அறியோம். தனி வீட்டில் களஞ்சியம் வைக்க இயலாத ஏழைக்கு, பங்குதான் களஞ்சியமாக இருக்க வேண்டும்.

நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. சாவடிக்காரன் கையில் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவையும் தான் திரும்பி வரும்போது தருவதாக ஏற்றுக்கொண்டான். அடிபட்டவன் எழுந்து நடந்தபோது அவன் தலையில் கடன் ஏதும் இல்லை. இம்மாதம் உங்கள் அன்பியக் கூட்டத்தில் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: நம் தெருவில் நோய் தீர்ந்தும் கடன் தீராமல் இருப்பவர் யார்? விடை கிடைத்ததும், அந்த வீட்டுக்கு வெறுங்கையோடு செல்லாதீர்கள்.

ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.