தொட்டுப் பார்க்கச் சொல்லும் இடம்

அருங்காட்சியகம் என்றாலே கண்ணாடிப் பெட்டியும் 'தொடாதே' என்ற பலகையும்தான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லை நாம் அருங்காட்சியகத்துக்குப் போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. டீக்கடை தம்ளரிலும் கோயில் வாசலிலும் குடிநீர்க் குழாயடியிலும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எனவே, தொடு, திருகு, பிரித்துப் பார் என்று அழைக்கும் ஒரு அறிவியல் கூடத்தைப் பற்றி நாம் பேசுவதில் அரசியல் இருக்கிறது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது எக்ஸ்ப்ளோரட்டோரியம். 1969-இல் அதைத் தொடங்கியவர் பிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்தை நடத்திய ராபர்ட்டின் தம்பி. அண்ணனைப் போல இவரும் இயற்பியலாளர். கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர் என்பதற்காக 1949-இல் பல்கலைக்கழக வேலையை இழந்தார். கொலராடோவில் மாடு வளர்த்துப் பிழைத்தார். பல ஆண்டுகள் கழித்து அங்கேயே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பாடம் நடத்த அனுமதி கிடைத்தது. மாணவர்களை ஊர்க் குப்பை மேட்டுக்கு அழைத்துப்போய், உடைந்த இயந்திரங்களைக் காட்டி அறிவியல் சொல்லிக்கொடுத்தார். விலக்கிவைக்கப்பட்ட அந்த மனிதர் கட்டிய கூடத்தில் தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. ஆரம்ப ஆண்டுகளில் நுழைவுக் கட்டணமும் இல்லை. (இன்று கட்டணம் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

அங்கே 1971-இல் அமைத்த ஒரு இருட்டுக் கூண்டு உண்டு. உள்ளே போனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கையால் தடவித் தடவித்தான் வெளியே வரவேண்டும். இன்னொரு இடத்தில் இரண்டு பேர் ஒரு கண்ணாடியின் இரு பக்கமும் எதிரெதிரே உட்காருவார்கள். விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைத்தால் ஒருவர் முகத்தின்மேல் மற்றவர் முகம் படிந்து, யார் முகம் யாருடையது என்று தெரியாத ஒரு முகம் வரும். நம் ஊர்களில் இந்த விளையாட்டுக்கு எத்தனை பேர் எதிரில் வந்து உட்காருவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் படித்தபோது, கணக்குப் போட ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாக்கள் தீட்டாகிவிடும் என்று சாதி இந்து மாணவர்கள் பாய்ந்து ஓடி அவற்றை அப்புறப்படுத்தினார்கள். அறிவுக்கும் நம் கைக்கும் நடுவே வைக்கப்பட்டது அந்த டப்பாதான். இன்று அது வேறு உருவில் இருக்கிறது. நாங்கள் மாலை வகுப்பு நடத்தும் சேரிகளில் பத்தாம் வகுப்பு முடித்தும் ஒரு லென்ஸைக் கையில் பிடித்துப் பார்க்காத பிள்ளைகள் உண்டு. பள்ளியில் கருவிகள் இருக்கின்றன. பூட்டிய அலமாரியில் இருக்கின்றன.

எக்ஸ்ப்ளோரட்டோரியத்தில் மிகப் பெயர்பெற்ற செய்முறை மாட்டுக் கண்ணை அறுத்துக் காட்டுவது. வெண்படலத்தை வெட்டி, உள்ளிருக்கும் கூழை வெளியேற்றி, பளிங்குபோன்ற லென்ஸை எடுத்துச் செய்தித்தாள்மேல் வைத்தால் எழுத்து பெரிதாகத் தெரியும். கண்ணின் பின்சுவரில் நீலமும் பச்சையுமாக மினுங்கும் ஒரு படலம் இருக்கும்; இரவில் மாட்டின் கண் ஒளிர்வது அதனால்தான். பார்வையாளர்கள் சுற்றி நின்று வியக்கிறார்கள். அதே மாட்டை உரித்தவர்கள் நம் பாட்டன்மார். எந்த மூட்டில் கத்தி வைத்தால் எலும்பு கழன்று வரும், எந்த வயது மாட்டின் தோல் எப்படிப் பதப்படும் என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே அதற்கு உடற்கூறியல் என்று பெயர். இங்கே செத்த மாட்டை அவர்கள் தலையில் கட்டி, அந்த வேலைக்காகவே அவர்களை ஒதுக்கினார்கள். அந்தத் தொழிலை மீண்டும் சுமக்கச் சொல்லி இதைச் சொல்லவில்லை. அதைக் கைவிடுவது நம் உரிமை. அந்தக் கைகளுக்குள் இருந்தது அறிவு என்பதை மறுக்க யாருக்கும் உரிமை கிடையாது.

மாட்டுக் கண்ணை அறுத்துக் காட்டுபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'விளக்குநர்கள்' என்ற பெயரில் பள்ளி மாணவர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்துகிறார்கள். முதல் மதிப்பெண் வாங்கியவர்களாகப் பார்த்து எடுப்பதில்லை. பல பின்னணிகளிலிருந்து எடுக்கிறார்கள். நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். சென்னை கோட்டூர்புரத்தில் பெரியார் பெயரிலேயே அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. அங்கும் மற்ற அரசு மையங்களிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளி, விடுதி மாணவர்களை ஊதியத்தோடு விளக்குநர்களாக அமர்த்தக் கேட்போம். வருடத்துக்கு ஒருமுறை பேருந்தில் ஏற்றிப்போய்ச் சுற்றிக் காட்டித் திருப்பி அனுப்புவதோடு முடியக்கூடாது. அறிவியல் கண்காட்சியைப் பேருந்தில் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பும் வழக்கம் 1965-இல் கல்கத்தாவின் பிர்லா அருங்காட்சியகம் தொடங்கியது. அப்படி ஒரு பேருந்து உங்கள் பக்கம் வந்தால் ஊருக்குள் நிற்கிறதா, சேரிக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவில் 1976-இல் சேர்த்தார்கள். கடமையை நம்மிடம் கேட்பவர்கள் கருவியையும் தரட்டும்.

இன்னொரு கோரிக்கை, பறை. ஈரம் ஏறினால் தோல் தளரும், ஒலி மங்கும். நெருப்பில் காய்ச்சினால் ஈரம் போய்த் தோல் இறுகும், அதிர்வெண் கூடும். இதைவிட எளிதாக ஒலியியலை எந்தக் கருவி சொல்லித்தரும்? மிருதங்கத்தின் ஒலியைப் பற்றி சி.வி. ராமன் 1920-லேயே எழுதினார். அதற்கும் மாட்டுத் தோல்தான். தோல் தேர்ந்து, இழுத்துக் கட்டி, நடுவில் கறுப்புச் சாந்து இட்டுச் சுருதி வரவைத்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். அறிவியல் மையத்தில் பறை கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும். பக்கத்தில் காய்ச்ச நெருப்பும், அதிர்வைக் காட்டும் திரையும், வருகிற எவரும் எடுத்து அடிக்க இரண்டு குச்சிகளும் வேண்டும். விளக்கிச் சொல்ல, சம்பளம் வாங்கும் ஒரு சேரிப் பிள்ளை வேண்டும்.