பழைய பிரின்டரை ஒதுக்குமுன் நோயை அறியுங்கள்

எமது கடைகளிலும் சிறு காரியாலயங்களிலும் பத்து, பதினைந்து வருடங்களாக உழைத்துவரும் லேசர் பிரின்டர்கள் ஏராளம். பில் அடிப்பது, விலைமனு அனுப்புவது, வங்கிக்குக் கடிதம் கொடுப்பது என எல்லாமே அவற்றை நம்பித்தான் நடக்கின்றன. ஒருநாள் அது கடதாசியை இழுக்க மறுத்தால், "இது முடிந்துவிட்டது, புதிதாக வாங்குங்கள்" என்கிறார் திருத்துனர். நாமும் தலையாட்டிவிடுகிறோம். ஐந்து ரூபாவுக்கும் கணக்குப் பார்க்கும் வியாபாரிகள் இவ்விடயத்தில் மட்டும் ஏன் கேள்வி கேட்பதில்லை?

2022 மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதிப் பொருளொன்றை வீணாக மாற்றுவது எவ்வளவு நட்டம் என்பதை அக்காலம் எமக்குக் கற்றுத் தந்தது.

பழைய பிரின்டரில் பெரும்பாலும் முதலில் தேய்வது இலத்திரனியல் பாகங்களல்ல, றப்பர்தான். தட்டில் கடதாசி இருந்தும் இயந்திரம் இழுக்கவில்லையென்றால், பிக்கப் ரோலர் வழுவழுப்பாகிவிட்டது என்று பொருள். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் சில நாட்கள் ஓடும். பின்னர் மாற்றத்தான் வேண்டும். பெற்றோல், தின்னர் போன்றவற்றால் துடைத்தால் றப்பர் கெட்டுவிடும். இரண்டு, மூன்று தாள்கள் ஒன்றாகச் சென்றால் செபரேஷன் பேட் தேய்ந்திருக்கும். இவ்விரண்டும் சிறிய பாகங்கள். எமது நாட்டின் ஈரக்காற்றில் திறந்து வைத்த கடதாசியும் இதே தொல்லையைத் தரும் என்பதால், முதலில் புதிய கட்டொன்றைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள்.

அச்செழுத்து விரலில் ஒட்டினால் சந்தேகம் பியூசர் மீது. சூட்டினாலும் அழுத்தத்தினாலும் டோனரைக் கடதாசியில் பதிய வைப்பது அதுவே. இதனை உறுதிசெய்ய ஒரு வழியுண்டு. தாள் பாதி தூரம் சென்றதும் மூடியைத் திறந்து அதனை வெளியே எடுங்கள். பியூசரை அடையாத பகுதியில் எழுத்து சுத்தமாக இருந்து, வெளியே வரும் தாளில் மட்டும் கறை தெரிந்தால் குற்றம் பியூசருடையது. அங்கேயே கறை இருந்தால் முதலில் கார்ட்ரிஜைப் பாருங்கள். பியூசர் கடுஞ்சூடாக இருக்கும்; மின்சாரத்தைத் துண்டித்து, ஆறிய பின்பே கை வையுங்கள்.

ஒரே புள்ளி சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அளவுகோலை வைத்து அளங்கள். 24 மில்லிமீற்றர் விட்டமுள்ள ட்ரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 75 மில்லிமீற்றர் ஓடும். இடைவெளியும் அதுவேயானால் பழுது ட்ரமில். கடகடவென்ற சத்தம் வந்தால் பற்சில்லுகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

திருத்துனரிடம் எந்தப் பாகம் பழுது, என்ன விலை என்று முன்கூட்டியே கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படியும் சொல்லுங்கள். நேர்மையான திருத்துனர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

எல்லா இயந்திரத்தையும் காப்பாற்ற வேண்டுமென்பதல்ல எமது வாதம். திருத்தச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினாலோ, உதிரிப்பாகம் கிடைக்காவிட்டாலோ விடைகொடுப்பதே புத்தி. ஆனால் அந்தத் தீர்ப்பைக் கணக்குப் பார்த்து நாம் வழங்க வேண்டும். விற்பவர் வழங்கக் கூடாது.