கஷ்டம் என்று ஓடாதீர்கள், மக்களே

"லினக்ஸா? அதுவும் ஆர்ச்சா? கஷ்டம் சார்!" கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்த பிள்ளைகளே இப்படிச் சொன்னால் எப்படி மக்களே?

2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தீர்கள்? களியக்காவிளை தாண்டினால் கேரளப் பள்ளிப் பிள்ளைகள் ஐ.டி. பாடத்தையே லினக்ஸில்தான் படிக்கிறார்கள். அவர்களுக்கு என்ன, ரெண்டு மூளையா?

வீட்டு உபயோகத்துக்கு உபுண்டு போதும், மறுக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டரே பிழைப்பு என்றிருப்பவன் ஒருமுறையாவது ஆர்ச்சைக் கையால் நிறுவ வேண்டும். கறுப்புத் திரைதான் வரும். டிஸ்க்கைப் பிரிப்பது, ஃபார்மட் செய்வது, மவுண்ட் செய்வது, பூட்லோடர் வைப்பது எல்லாம் நாமே செய்ய வேண்டும். மெஷின் எப்படி எழுந்து நிற்கிறது என்பது அப்போதுதான் புரியும்.

'ஆர்ச்இன்ஸ்டால்' என்ற குறுக்குவழி 2021 முதல் அதிலேயே இருக்கிறது. முதல் தடவை தொடாதீர்கள். யூடியூபைப் பார்த்துக் கட்டளைகளை ஒட்டுவதும் வேண்டாம். விடையைப் பார்த்து எழுதியவனுக்குக் கணக்கு வராது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதனால் ஓரங்கட்டிய லேப்டாப்பை எடுங்கள். 64 பிட் மெஷினாக இருந்தால் போதும். படங்களை முதலில் வேறிடத்தில் சேமியுங்கள். 'எல்எஸ்பிஎல்கே' அடித்து டிஸ்க்கின் பெயரைச் சரிபாருங்கள். ஆர்ச் விக்கியின் நிறுவல் வழிகாட்டியை வரிவரியாக வாசியுங்கள்.

சிக்கினால் பிழைச்செய்தியை முழுசாக அனுப்புங்கள். "வரல சார்" என்று மட்டும் எழுதினால் மார்க் கிடையாது.