தட்டச்சிட்ட சொல்லும் மைக்ரோகண்ட்ரோலரும்

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு முதலிய தென் வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆதலால் பாறசாலையை அடுத்த சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கி வருகின்றன. கேரள உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆர்டுயினோ பலகையுடன் கூடிய 9,000 கருவித் தொகுதிகளை வழங்கும் பணி 2022ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கியது. 2025-26 கல்வியாண்டில் ரோபாட்டிக்ஸ் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் பாடமாயிற்று. கணினியில் தட்டச்சிடும் சொல்லை மைக்ரோகண்ட்ரோலர் எவ்வாறு படிக்கிறது என்பதைக் கற்பிக்கையில் பொதுவாக ஆங்கில எழுத்துக்களையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றனர். எல்லைப்புறப் பள்ளிகளில் இப்பாடத்தைத் தாய்மொழிச் சொல்லில் தொடங்குவதே தக்கது. பிழைகள் வெளிப்படுவது அங்கேதான்.

சீரியல் இணைப்பில் சொல் முழுதாக வருவதில்லை. பைட் பைட்டாகவே வருகிறது. 9600 என்னும் வேகத்தில் வினாடிக்கு 960 பைட்டுகளே வந்து சேரும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே, 16 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஊனோ பலகையின் கடிகாரம் ஏறக்குறைய 16,600 முறை துடித்துவிடுகிறது. முதற் பைட் வந்தவுடனேயே சொல் வந்துவிட்டதாகக் கொள்ளும் நிரல் வெறும் துணுக்கையே காணும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் ஆதலால், இத்தவறு சில வேளை கண்ணில் படாமற் போகும்.

தமிழில் அவ்வாறு தப்ப முடியாது. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் 'க' மூன்று பைட், 'கா' ஆறு. 'பாறசாலை' 21 பைட்டும், 'நெய்யாற்றின்கரை' 45 பைட்டும் கொள்ளும். ஊனோவின் வரவுச் சேமிப்பில் 64 இடங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று வெற்றிடமாகவே விடப்படும். நிரல் வேறு வேலையில் காத்திருக்கும்போது இவ்விரு ஊர்ப்பெயர்களையும் இடைவெளியிட்டு அனுப்பினால், வரிமுடிவுக் குறியோடு 68 பைட்டாகும். கடைசி ஐந்தும் தொலையும், 'ரை' சிதையும். வரிமுடிவும் வாராமையால், அதனை எதிர்நோக்கும் நிரல் காத்தே கிடக்கும்.

இதற்குக் காத்திருப்பு நேரத்தைக் கூட்டுவது பரிகாரமன்று. அது நோயை வளர்ப்பதேயாகும். வந்த பைட்டை உடனுக்குடன் எடுத்து, அளவு வரையறுத்த வரிசையில் இட்டு, வரிமுடிவு கண்டபின் பொருள் கொள்ளுதலே முறை. தட்டச்சுச் சாளரத்தில் வரிமுடிவு அனுப்பும் அமைப்பு தெரிவு செய்யப்பட்டுள்ளதா என்பதை ஆசிரியர் முதலிற் காணல் வேண்டும். நிரலைக் குறைகூறுவது பிறகு ஆகட்டும்.

எல்லைப்புற வகுப்பிற்கே உரிய பயிற்சி ஒன்றும் உண்டு. வந்த பைட்டுகளை எண்களாக அச்சிடச் செய்தால், தமிழெழுத்தும் மலையாள எழுத்தும் 224 என்றே தொடங்குவதைக் காணலாம். இரண்டாம் பைட் தமிழுக்கு 174 அல்லது 175. மலையாளத்திற்கு 180 அல்லது 181. இவ்வொன்றைக் கொண்டே, வந்த சொல் எம்மொழியினது என அறிந்து, அதற்குரிய விளக்கை ஏற்றும் நிரலை மாணவர் எழுதிவிடலாம்.