பிரிமுலா விற்பவர்கள் சொல்லாமல் விடுவது

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்து திரும்புபவர்கள் பூத்துக் குலுங்கும் பிரிமுலா தொட்டி ஒன்றை வாங்கிக் காரில் வைத்துக்கொள்கிறார்கள். சமவெளி வெயிலில் அது சில வாரம்கூடத் தாங்காது. பராமரிக்கத் தெரியவில்லையே என்று வாங்கியவர் தன்னையே நொந்துகொள்கிறார். உண்மையில் தவறு, சொல்லாமல் விற்றவருடையது.

பிரிமுலா குளிர் விரும்பும் செடி. 10 முதல் 18 டிகிரி செல்சியஸில்தான் நன்றாக வளர்ந்து பூக்கும். வெப்பம் ஏறினால், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வாடும். பிரிமுலா ஒப்கோனிகா என்ற வகைக்குச் சுண்ணாம்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரும் ஆகாது. இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இளம் இலைகள் மஞ்சளாகிவிடும்.

மலையில் இருப்பவர்களுக்கோ இது அருமையான செடி. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடம் போதும். மரக்கிளைகளின் கீழ் வைத்தால் டிசம்பர், ஜனவரி உறைபனியும் குறைவாகவே தாக்கும். ஆனால் தைல மரத்தடி வேண்டாம், அதன் வேர்கள் ஈரத்தை உறிஞ்சிவிடும். மண்ணில் இலைமட்கு கலந்து, ஈரம் காயாமலும் தண்ணீர் தேங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நடும்போது குருத்து மண்ணுக்குள் புதையக் கூடாது, அழுகிவிடும். விதை தூள்போல இருக்கும். முளைக்க வெளிச்சம் தேவை என்பதால், மேலே மண் போட்டு மூடாமல் லேசாக அழுத்தி விட்டாலே போதும்.

என்னை அதிகம் உறுத்துவது வேறு விஷயம். ஒப்கோனிகாவின் இலையிலும் தண்டிலும் உள்ள மெல்லிய ரோமங்களில் பிரிமின் என்ற பொருள் இருக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது பட்டால் தோல் சிவந்து, அரித்து, கொப்புளிக்கும். பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்துத் தெரிவதால், பழி சோப்பின் மீதோ பூச்சி மருந்தின் மீதோ விழுகிறது. நாற்றங்காலில் நாள் முழுக்க வெறுங்கையால் பழுத்த இலை கிள்ளும் பெண்களுக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறோமா? நாற்றங்கால் பயிற்சிகளில் உரத்துக்கு முன்பாகக் கையுறையைப் பற்றிப் பேச வேண்டும். பிரிமின் இல்லாத ரகங்களும் வந்துவிட்டன. விதை வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று நாற்றங்கால்காரர்கள் கேட்கலாம். தொட்டியில் இரண்டு வரி எழுதி ஒட்டினால் உள்ளூர் வாடிக்கையாளர் குறைய மாட்டார். கோவைக்கும் மதுரைக்கும் கொண்டுபோகிறேன் என்பவரிடம் கோலியஸ் தொட்டியை எடுத்துக் கொடுங்கள். வீட்டு நிழலில் அது நன்றாகவே வளரும்.