கடகடவென்னும் ஓசை

பழைய ஊர்தி வைத்திருக்கும் நம் பங்கு மக்கள், அதனை மந்திரிப்பதற்காக ஆலய முற்றத்திற்குக் கொண்டுவரும்போது, செபம் முடிந்தபின் தாழ்ந்த குரலில் மற்றொன்றையும் சொல்வதுண்டு: “சாமி, எங்கேயோ கடகடவென்று சத்தம் வருகிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை.” மந்திரித்த நீரைத் தெளிப்பது நம் பணி, நட்டு முடுக்குவது அதனுள் அடங்காது. எனினும் குடும்பத்தின் பணமும், சில வேளைகளில் உயிருமே இதில் அடங்கியிருப்பதால், இத்திங்கள் இதனைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

அம்பாசடர் ஊர்தியையே எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014-ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே இன்று ஓடுபவற்றுள் மிக இளையதும் முதுமை எய்தியதே. அத்தகைய வண்டியில் ஓசை நம்மை எளிதில் ஏமாற்றும். இரும்புத் தகட்டின் வழியே அது ஓடிச் சென்று வேறோர் இடத்தில் ஒலிக்கும். பின்புறம் தளர்ந்த கிளாம்ப் ஒன்று முன்னிருக்கையின் அடியில் கதறுவதுபோல் தோன்றும். எனவே ‘எங்கே?’ என்று தேடுமுன் ‘எப்போது?’ என்று கேட்பதே முறை.

வண்டி நிற்கையிலும் ஓசை கேட்கிறதா? அப்படியாயின் இன்ஜினையோ, புகைக்குழாயையோ ஐயுறலாம். மேடுபள்ளங்களில் மட்டும் கேட்கிறதா? பட்டை ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம். ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம். ஆனால் அதற்கும் முன்னதாக டிக்கியைக் காலி செய்து ஓட்டிப் பாருங்கள். கட்டாமல் கிடக்கும் ஜாக்கியும் ஸ்பானரும் எத்தனையோ குடும்பங்களை வீணே கலங்கச் செய்துள்ளன!

இன்ஜினுக்குள் எழும் ஓசையிலும் வேறுபாடு உண்டு. வால்வுகளை இயக்கும் தண்டு, இன்ஜின் இருமுறை சுழலும்போது ஒருமுறையே சுழல்கிறது. ஆதலின் டேப்பட்டின் ‘டிக் டிக்’ ஒலி மெல்லியதாகவும், இன்ஜினின் வேகத்திற்குப் பாதியாகவும் கேட்கும். தேய்ந்த பேரிங்கின் ஓசையோ கனத்தது, மேடேறும்போது மிகும். நீண்ட திருப்புளியின் முனையை இன்ஜினின் உடலில் ஊன்றி, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்பது தேர்ந்த மெக்கானிக்குகளின் வழக்கம். அனுபவமற்றோர் அதற்கு முயல வேண்டாம். சுழலும் விசிறி தோள் துண்டையும் சேலை முந்தானையையும் நொடியில் பற்றி இழுத்துவிடும்.

நம் பங்கில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் ஒருவரின் வண்டி, நிற்கையில் கடகடத்தது. பட்டறை ஒன்றில், இன்ஜினைப் பிரித்துப் போர் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மகளின் நர்சிங் படிப்பிற்கென எடுத்து வைத்திருந்த பணத்தைத் தவிர வேறு வழி அவருக்கில்லை. ஆயினும் ஒன்றை அவர் கவனித்திருந்தார்: ஆக்சிலேட்டரைச் சிறிது மிதித்தால் ஓசை அடங்கிவிடுகிறது. தேய்ந்த பேரிங் அவ்வாறு எளிதில் அடங்குவதில்லை. முதியவரான வேறொரு மெக்கானிக்கிடம் அவரை அனுப்பினோம். அம்முதியவர் இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தார். பிறகு வண்டிக்கடியில் படுத்து, மரக்கட்டையால் சைலன்சரைத் தட்டினார். அதே ஓசை! உள்ளிருந்த தகடுகள் துருப்பிடித்துக் கழன்றிருந்தன. சைலன்சரை மாற்றியதோடு வேலை முடிந்தது. கல்லூரிப் பணமும் தப்பியது. முதற்பட்டறையினரை வஞ்சகர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வண்டிக்கடியில் குனிந்தும் பாராமல் இன்ஜினைப் பிரிக்கச் சொல்வது முறையன்று.

அந்தக் குழாயின் இணைப்பில் கரிய புகைக்கறை படிந்திருந்ததையும் முதியவர் காட்டினாராம். பணத்தைவிடப் பெரிய செய்தி அதுவே. புகையோடு கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்குமேல் வலிமையாக நம் குருதியின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. பயணத்தில் எல்லாருக்கும் ஒருசேரத் தலைவலியும் குமட்டலும் தூக்கமும் வந்தால், வெயிலின் களைப்பென்று எண்ணிவிடாதீர்கள். வண்டியை நிறுத்தி, குழந்தைகளோடு உடனே வெளியேறுங்கள்; மருத்துவ உதவியை நாடுங்கள்.

சக்கரத்தின் சுழற்சியோடு ‘கடக் கடக்’கென்ற ஓசை எழுந்து, ஸ்டியரிங்கும் நடுங்கினால் அடுத்த ஊர்வரை பொறுக்க வேண்டாம்; சக்கர நட்டுகள் தளர்ந்திருக்கக்கூடும். கனத்த ஓசையோடு ஆயில் விளக்கும் எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.

மற்ற ஓசைகளுக்கு, எப்போது, எந்த வேகத்தில், ஆறிய இன்ஜினிலா சூடேறியதிலா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு பட்டறைக்குச் செல்லுங்கள். ஸ்டியரிங்கை நீங்களே பிடித்து, மெக்கானிக்கைப் பின்னிருக்கையில் அமர்த்தி, அந்த ஓசை எழும் சாலையிலேயே ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். பட்டறை வாசலில் ஓசைகள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.