நடக்கச் சொல்கிறார்கள், எங்கே நடப்பது?



கிளினிக் போய்த் திரும்பிய ஓர் அம்மாயி, பள்ளிக்கூட வாசலில் என்னை மறித்துக் கேட்டார்: "சேர், எனக்குச் சீனியும் பிரஷரும் இருக்காம். தினம் அரை மணித்தியாலம் நடக்கணுமாம். நாப்பது வருசம் கூடையோட மலை ஏறி எறங்குனேனே, அது நடையில்லையா?"

நியாயமான கேள்வி. ஆனால் இது பற்றித் தோட்டங்களில் இரண்டு பொய்கள் உலாவுகின்றன.

முதலாவது நம்முடைய பொய்: "உடம்பு வளைத்து வேலை செய்பவர்களுக்குச் சீனி வராது, அது பணக்காரர் வியாதி." நமக்கும் வருகிறது. பேர் நின்றதும் நமது வயோதிபர்கள் லயக் காம்பராவுக்குள் முடங்கிவிடுகிறார்கள். ஆனால் சாப்பாடு மாறுவதில்லை. அதே கோதுமை மா ரொட்டி, அதே சீனி போட்ட தேத்தண்ணி. அன்றைய உழைப்பைச் சேமலாப நிதிபோல் உடம்பு சேர்த்துவைத்து இன்று திருப்பித் தராது. நடை நின்றால் அதன் பலனும் நின்றுவிடும்.

இரண்டாவது பொய் மேலேயிருந்து வருகிறது: "வியாதி வந்தது உன் கவனக்குறைவு. இனி நடப்பது உன் பாடு." முதுகில் பாரத்தோடு சரிவில் நாள் முழுவதும் நின்றதில் தேய்ந்த முழங்கால் அது. லயத்து வாசலில் கான், அதைத் தாண்டினால் கல் பெயர்ந்த படி, பொழுது சாய்ந்தால் விளக்கில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யார் பொறுப்பு?

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, விழாமலிருக்க, வாரத்தில் 3 நாட்களாவது சமநிலைக்கும் தசைப் பலத்துக்குமான பயிற்சியும் வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டு அல்ல, மாத்திரையோடுதான்.

அந்த மாத்திரை அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். அங்கே போய்வருவது இலவசமா? ஓட்டோவுக்குக் காசு, துணைக்குப் போகும் மகளுக்கு அன்றைய பேர் இல்லை. ஓய்வூதியமில்லாத மனுசி என்ன செய்வார்? ஒரு மாதத்து மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுப்பார்.

"வேலையிலிருந்து நின்றவர்கள் எங்கள் பொறுப்பல்ல" என்று நிர்வாகம் சொல்லும். அவர்கள் வளர்த்த தேயிலையில்தானே இன்றும் கொழுந்து பறிக்கிறீர்கள்?

தோட்டக் கமிட்டிகள் அடுத்த பேச்சுவார்த்தையில் இவற்றை வைக்க வேண்டும்:

1. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு சேர்ந்து, மாதம் ஒருமுறை தோட்டத்திலேயே சீனி, பிரஷர் கிளினிக்.

2. பெற்றோரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லும் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு அரைநாள்.

3. லயத்திலிருந்து கோயில்வரை கைப்பிடியும் விளக்கும் கொண்ட சமமான பாதை.

அதுவரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பள்ளி விட்டபின் மைதானம் வெறுமையாகத்தான் கிடக்கிறது. அதிபரிடம் அனுமதி கேட்போம். மாதர் சங்கத் தலைவிகள் முன்னின்று வயோதிபர்களை அழைத்து வரட்டும். மெதுவாக மைதானத்தைச் சுற்றலாம். வாங்கில் உட்கார்ந்து எழும்புவதும் பயிற்சிதான்.

அம்மாயி, நீங்கள் நடந்ததும் நடைதான். ஆனால் அது கம்பெனிக்காக நடந்த நடை. இனி உங்களுக்காக நடங்கள். அதற்கான பாதையைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் வேலை.